சோற்றைக் குறைத்தால் சர்க்கரை குறையுமா? ஆராய்ச்சிக் கட்டுரையை நாமே படித்துப் பார்க்கும் வழி

எங்கள் ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் எந்த ஊர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் வாரத்துக்கு ஒரு பேலியோ (சோறு போன்ற மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறை) செய்தி வந்துவிடுகிறது. "சோற்றை விட்டால் சர்க்கரை போய்விடும், அமெரிக்க ஆராய்ச்சி முடிவு" என்று ஒன்று. மறுநாளே "மாவுச்சத்தைக் குறைத்தால் ஆயுள் குறையும், லான்செட் எச்சரிக்கை" என்று இன்னொன்று. லான்செட் என்பது பிரிட்டனின் மருத்துவ இதழ். இரண்டையும் அனுப்பியவர் ஒரே ஆள்தான்.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மாமாவுக்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். "மருமகனே, ஆராய்ச்சியே சொல்லிருச்சாம்ல, இனிமே சோறு வேணாம்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்" என்று போன் செய்தார். அந்த ஆராய்ச்சி எது, யாரை வைத்துச் செய்தது, எவ்வளவு நாள் செய்தது என்று அவருக்குத் தெரியாது. அனுப்பியவருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க முடியும், ஒரு அரைமணி நேரம் போதும். விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் சதவீதக் கணக்கும் தெரிந்தால் போதும்.

படி 1: மூலக் கட்டுரையைப் பிடியுங்கள்

செய்தியில் இணைப்பு இருக்காது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்துக்குப் போய், செய்தியில் உள்ள ஆண்டு, நாடு, இதழின் பெயர் இவற்றோடு 'லோ கார்போஹைட்ரேட் டயட்' (மாவுச்சத்து குறைந்த உணவு) என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். கூகுளில் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே முதலில் வருவது கட்டுரையைப் பற்றி யாரோ எழுதிய செய்திதான். கூகுள் ஸ்காலர் பரவாயில்லை, ஆனால் ஆய்வின் வகையை வைத்து வடிகட்டும் வசதி பப்மெட்டில்தான் இருக்கிறது. 'ரேண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரயல்' (குலுக்கல் முறைப் பரிசோதனை), 'சிஸ்டமேட்டிக் ரிவியூ' (பல ஆய்வுகளின் தொகுப்பு), 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' (இலவச முழுக் கட்டுரை) மூன்றையும் டிக் செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்தது கைக்கு அடங்கும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கலாம். ஆனால் எண்களை மட்டும் ஆங்கிலப் பக்கத்திலேயே பாருங்கள்.

படி 2: பரிசோதனையா, கணக்கெடுப்பா?

பரிசோதனை என்றால் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு ஒரு உணவு, மற்ற அணிக்கு வேறு உணவு கொடுத்துப் பார்ப்பது. கணக்கெடுப்பு என்றால் மக்கள் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, பல ஆண்டு கழித்து யாருக்கு என்ன ஆனது என்று பார்ப்பது.

2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது இரண்டாவது வகை. 15,428 அமெரிக்கர்களைச் சுமார் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உணவு ஆற்றலில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவு. அதற்குக் கீழே போனாலும் கூடுதல், மேலே போனாலும் கூடுதல். ஆனால் குறைத்த மாவுச்சத்தின் இடத்தில் இறைச்சி வந்தால்தான் இறப்பு கூடியது. பருப்பு, கொட்டை போன்ற தாவர உணவு வந்தபோது குறைந்தது. வாட்ஸ்அப்பில் இந்தக் கடைசிப் பகுதியை யாரும் அனுப்புவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017-இல், 'ப்யூர்' என்ற ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 18 நாடுகள், 1,35,335 பேர். அதிகமாக மாவுச்சத்து உண்டவர்களிடம் இறப்பு அதிகம் என்றது. அதில் உச்ச அணி மாவுச்சத்திலிருந்து பெற்ற ஆற்றல் ஏறக்குறைய 77 சதவீதம்.

இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். 77 சதவீதம் சோற்றிலேயே வயிற்றை நிரப்புகிறவர் யார்? நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது படகுத் தொழிலாளி வீட்டில் மீன் குறையும், சோறும் ரசமும் கூடும். அதே நாட்களில் கையில் காசும் இருக்காது, மருந்து வாங்குவது தள்ளிப்போகும், கடன் கவலையும் சேரும். அந்த வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் அதற்குச் சோறுதான் காரணம் என்று சொல்ல முடியுமா? ஆய்வாளர்கள் வருமானம், படிப்பு, புகைபிடித்தல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்யத்தான் செய்கிறார்கள். முழுதாகச் சரிசெய்ய முடியாது. கணக்கெடுப்பு ஆய்வு 'தொடர்பு இருக்கிறது' என்று சொல்லும், 'இதனால்தான்' என்று சொல்லாது.

படி 3: 'குறைந்த' என்றால் எத்தனை கிராம்?

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்த படி இதுதான். இது விளங்கிய பிறகுதான் மற்றவை எல்லாம் விளங்கின.

'லோ கார்ப்' என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவு கிடையாது. ஒரு கட்டுரையில் அது நாளைக்கு 20 கிராம். இன்னொன்றில் 130 கிராம். வேறொன்றில் ஆற்றலில் 40 சதவீதம். மூன்றுக்கும் தலைப்பு ஒன்றே. அதனால் சதவீதத்தைக் கிராமாக மாற்றிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். 45 சதவீதம் என்றால் 900 கலோரி. அதை 4-ஆல் வகுத்தால் 225 கிராம். 26 சதவீதம் என்றால் 130 கிராம். 10 சதவீதம் என்றால் 50 கிராம்.

இனி தட்டுக்கு வாருங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. வீட்டில் மீன் நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருந்தால் மதியத் தட்டை ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். 400 கிராம் சோறு ஒரு வேளைக்கு நம் பக்கம் சாதாரணம். அதிலேயே 112 கிராம் வந்துவிட்டது. ஆக 50 கிராம் கணக்கில் சோற்றுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. 225 கிராம் கணக்கில் மதியம் ஒரு தட்டுச் சோறும் காலையில் இரண்டு மூன்று இட்லியும் தாராளமாக அடங்கும். இரண்டையும் 'பேலியோ ஆராய்ச்சி' என்று ஒரே பெயரில் அழைத்தால் யாருக்கு என்ன அறிவுரை சொல்வது?

அடுத்தது, கட்டுரை சொன்ன அளவு வேறு, ஆட்கள் சாப்பிட்ட அளவு வேறு. 2008-இல் இஸ்ரேலில் 322 பேரை வைத்து இரண்டு ஆண்டு நடந்த பரிசோதனையில், மாவுச்சத்தைக் குறைத்த அணிக்குத் தொடக்கத்தில் 20 கிராம்தான் சொன்னார்கள், பிறகு 120 வரை. கடைசியில் அவர்கள் உண்மையில் சாப்பிட்டது ஆற்றலில் சுமார் 40 சதவீதம். ஆகவே முறைகளை விளக்கும் பகுதியோடு நிறுத்தாமல், 'டயட்டரி இன்டேக்' என்ற அட்டவணையைத் தேடிப் பிடியுங்கள். மாத வாரியாக என்ன சாப்பிட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும். சில கட்டுரைகளில் அது பின்னிணைப்பில் தனிக் கோப்பாகக் கிடக்கும். சலிப்பாக இருந்தாலும் திறந்து பாருங்கள்.

*பின்சேர்க்கை:* சாயல்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர், கருப்பட்டிக் காபி கணக்கில் வருமா என்று கேட்டிருந்தார். வரும். கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான். பனங்கிழங்கும் மாவுச்சத்துதான். இயற்கையானது என்பதால் கிராம் குறையாது.

படி 4: எதிர் அணி என்ன சாப்பிட்டது?

சோற்றைக் குறைத்த அணிக்கு வாராவாரம் ஆலோசகர் பேசி, எதிர் அணியைச் சும்மா விட்டிருந்தால், ஜெயித்தது உணவா கவனிப்பா என்று பிரிக்க முடியாது. அமெரிக்காவின் விர்ட்டா நிறுவனம் சார்ந்த ஆய்வில், தாங்களே விரும்பிச் சேர்ந்த 262 சர்க்கரை நோயாளிகளின் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஓராண்டில் 7.6-லிருந்து 6.3-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம். ஆனால் குலுக்கல் இல்லை, அவர்களுக்குத் தொடர்ந்து இணையவழி மருத்துவக் கவனிப்பும் இருந்தது.

இதற்கு எதிரே, நான் எல்லாருக்கும் முதலில் படிக்கச் சொல்வது ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 2018-இல் வெளியிட்ட பரிசோதனையை. 609 பேர், 12 மாதம். ஒரு அணி கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. இரண்டு அணிக்கும் காய்கறியைக் கூட்டு, சீனியையும் மைதாவையும் விடு என்ற ஒரே அறிவுரை, ஒரே அளவு கவனிப்பு. முடிவு: கொழுப்பைக் குறைத்த அணி சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்த அணி 6.0 கிலோ எடை குறைந்தது. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு அணிக்குள்ளும் 30 கிலோ அளவுக்குக் குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ அளவுக்குக் கூடியவரும் இருந்தார். குழுவில் போடும் 'முன்–பின்' புகைப்படத்தில் இருப்பவர் அந்த ஒரு முனையைச் சேர்ந்தவர்.

2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 61 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மாவுச்சத்தைக் குறைத்த உணவுக்கும் சமச்சீரான அளவு மாவுச்சத்து உள்ள உணவுக்கும் எடை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொன்னது.

படி 5: எவ்வளவு காலம்?

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராமோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறு நின்றதும் இரண்டும் சேர்ந்து வெளியேறும்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். 2021 பிஎம்ஜே இதழில் 23 பரிசோதனைகளைத் தொகுத்த கட்டுரை இருக்கிறது. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தவர்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். மாமா போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே நம்பிக்கை தரும் எண், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 'மருந்து இல்லாமலே' என்ற நிபந்தனையைச் சேர்த்ததும் வித்தியாசம் சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாததாகிவிட்டது. 12 மாதத்தில் பலன் மேலும் மங்கியது. ஆறு மாதக் கட்டுரையைக் காட்டி ஆயுள் முழுக்க வாக்குறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள்.

படி 6: எல்லா எண்களையும் பாருங்கள்

எடை, எச்பிஏ1சி, அதோடு ரத்தக் கொழுப்பு வகைகளான ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் ('நல்ல' கொழுப்பு), எல்டிஎல் ('கெட்ட' கொழுப்பு). மாவுச்சத்தைக் குறைத்தால் ட்ரைகிளிசரைடு இறங்குவதும் எச்டிஎல் ஏறுவதும் பல ஆய்வுகளில் வருகிறது. எல்டிஎல் சிலருக்கு நன்றாகவே ஏறுகிறது. கட்டுரை அதைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கருவாட்டில் மாவுச்சத்து இல்லை என்று தினமும் சாப்பிடுகிறவர்கள் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 7: நம் ஆட்களுக்குப் பொருந்துமா?

இதற்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்)–இந்தியாப் ஆய்வுத் தொடர்தான் என் தேர்வு. சென்னையில் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் ஆகியோரின் குழு நடத்துவது. 18,090 இந்தியரின் உணவுத் தகவலிலிருந்து 2022-இல் அவர்கள் கணித்தது: புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49–54 சதவீதம், புரதம் 19–20 சதவீதம். இது பரிசோதனை அல்ல, கணிப்பு. ஆனாலும் நம் தட்டை வைத்துப் போட்ட கணிப்பு. 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த கட்டுரைப்படி இந்தியரின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்து. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றியதில் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. நம்மூரில் 'சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிட்டேன்' என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

62-லிருந்து 52-க்கு வருவது 2,000 கலோரிக் கணக்கில் 50 கிராம். அதாவது 180 கிராம் சோறு போலக் குறைத்து, அந்த இடத்தில் பயறோ சூடை மீனோ வைப்பது. மாமாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படிக்காமல் போகாதீர்கள்

மாமா சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டு கிளிமிபிரைடு என்ற, உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையை இறக்கும் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டார். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கை நடுங்கி, வேர்த்து உட்கார்ந்துவிட்டார். தாழ்சர்க்கரை. இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்னாலேயே மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) வேறு ஆபத்து: மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மீட்டர் சாதாரண அளவு காட்டினாலும் சரி.

*பின்சேர்க்கை:* கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி நோன்பு நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தார். பகல் முழுக்கப் பட்டினி, சஹரில் (விடியலுக்கு முந்தைய உணவில்) சோறு இல்லை, மாத்திரை மட்டும் பழைய அளவு என்பது மேலே சொன்ன ஆபத்துகளைக் கூட்டும். ரமலான் பிறக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் நேரத்தையும் அளவையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

*இன்னொன்று:* ஏர்வாடி நண்பர் அனுப்பிய கட்டுரை எலிகளில் செய்தது. செய்தியில் அந்த வார்த்தையே இல்லை. பப்மெட் வடிகட்டியில் 'ஹியூமன்ஸ்' என்பதையும் டிக் செய்தால் பெரும்பாலும் இவை விலகிவிடும். புத்தம்புதிய கட்டுரைகளுக்கு அந்த அடையாளம் ஏறத் தாமதமாகும், அவற்றுக்குச் சுருக்கத்தின் முதல் சில வரிகளை நீங்களே படித்துப் பாருங்கள்.