கோல்கீப்பர் ஸ்கேட்டும் லாங் பஜார் சாணையும்

போன டிசம்பரில் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்திருந்தது. அக்கா மகனுக்கு 14 வயது. பிராம்ப்டனில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான், கோல்கீப்பர். போட்டி முடிந்த கையோடு விமானம் ஏறியதால் அவனுடைய ஸ்கேட்டும், அதாவது அடியில் எஃகு பிளேடு வைத்த ஐஸ் காலணியும், பெட்டிக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக்காரர் அருவாமனையையும் இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு லாங் பஜார் பக்கம் சாணை வைக்கக் கிளம்பினார். போகிற போக்கில் அந்த ஸ்கேட்டையும் பையில் போட்டுக்கொண்டார்.

நான் காட்பாடி போய்த் திரும்பியபோது ஸ்கேட் திண்ணையில் பளபளத்துக்கொண்டிருந்தது. பிளேடின் இரண்டு ஓரங்களையும் கத்திக்குச் சரிப்பதுபோல் சரித்துத் தேய்த்திருந்தார்கள். பையன் கையில் வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டான்.

சாணைக்காரர் மேல் தப்பில்லை. "இன்னா சார் இது, இதுல கூர் எங்க கீது?" என்று கேட்டாராம். மாமாதான், "தெரியலப்பா, கத்தி மாதிரி போட்டுடு" என்றிருக்கிறார்.

நான் டொரோண்டோ பக்கம் ஓர் ஐஸ் அரங்கத்துக் கடையில் ஒன்பது வருடம் ஸ்கேட்டுக்குச் சாணை பிடித்தவன். வெயிலூர் என்று ஊரே கிண்டல் செய்யும் வேலூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஐஸில் இறங்கிவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் மொத்தமாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

முதலில், அது கத்தி இல்லை. ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கத்தில் கழனி வாய்க்கால் போல நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் இருபுறமும் இருக்கும் வரப்புகள்தான் ஐஸைப் பிடிக்கின்றன. காலுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. சாணை பிடிப்பது என்றால் அந்தப் பள்ளத்தைத் திரும்ப வெட்டுவது. அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில், கல்லின் விளிம்பை வைர முனையால் வளைவாகச் செதுக்கிவிட்டு, பிளேடை நீளவாக்கில் அதன்மேல் ஓட்டுவார்கள். பக்கவாட்டில் சரித்துத் தேய்த்தால் வரப்பு போய்விடும். வரப்பு போனால் ஸ்கேட் வெறும் சறுக்குமரம்.

அடுத்தது எண். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் "அரை இஞ்ச் போடவா, முக்கால் போடவா" என்று கேட்பார்கள். பள்ளத்தின் ஆழம் அரை இஞ்ச் என்று நினைத்துவிடாதீர்கள். அது வளைவின் ஆரம். அரை இஞ்ச் ஆரம் என்றால் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டம். ஒரு இஞ்ச் என்றால் சின்னப் பெண்ணின் வளையல் அளவு வட்டம். நாணயத்தின் விளிம்பை ஈரக் களிமண்ணில் அழுத்தினால் வளைவு செங்குத்தாக விழும். வளையலை அழுத்தினால் படுத்தாற்போல விழும். அதனால் எண் சின்னதானால் பள்ளம் ஆழம், பிடி அதிகம். எண் பெரிதானால் பள்ளம் மேலோட்டம், வழுக்கல் அதிகம். நம் தச்சர் கணக்கில் சொன்னால் குழப்பமே வராது: ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். கோல்கீப்பர்கள் மூன்று நூலிலிருந்து எட்டு நூலுக்குள் எங்காவது நிற்பார்கள்.

சரி, தவறு எங்கே? "அண்ணன் அரை இஞ்சில்தான் ஆடுகிறான், தம்பிக்கும் அதையே போடுங்கள்." இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டிருப்பேன். அண்ணன் ஃபார்வர்டு (முன்னால் ஓடி கோல் போடுபவன்), தம்பி கோல்கீப்பர். ஃபார்வர்டு ஸ்கேட்டின் பிளேடு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். கோல்கீப்பரின் பிளேடு வழக்கமாக 4 மில்லிமீட்டர். ஒரே வட்டத்தை அகலமான பிளேடில் பதித்தால் பள்ளம் இன்னும் கீழே இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை இஞ்ச் ஆரத்தில் அண்ணனுடைய பள்ளம் ஏறக்குறைய 0.08 மி.மீ. ஆழம், தம்பியுடையது 0.16 மி.மீ. இரண்டு மடங்கு! அண்ணனுக்குக் கிடைக்கும் அதே ஆழம் தம்பிக்கு வேண்டுமானால் ஒரு முழு இஞ்ச் போட வேண்டும். எண் ஒன்றுதான், ஸ்கேட் வேறு. இதைச் சொன்னதும் அப்பாக்கள் முகத்தில் ஓர் அதிர்ச்சி வரும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அதனால் கடையில் ஸ்கேட்டைக் கொடுக்கும்போதே "இது கோல்கீப்பருடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டமான சனிக்கிழமை காலையில் இயந்திரம் அரை இஞ்சில் செட் ஆகியிருக்கும். வரிசையில் வரும் எல்லாவற்றையும் அதில்தான் ஓட்டுவார்கள். பிளேடு தடிமன் வேறு என்பதால் பிடிகருவியையும் சரிபார்த்துத்தான் ஓட்ட வேண்டும். புது ஸ்கேட் வாங்கினால் அதுவும் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். பெட்டியைப் பிரித்து நேராக ஐஸில் இறங்கி விழுந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, பெரியவர்கள் சொல்லும் ஒரு பழமொழி மாதிரியான வசனம்: "கோல்கீப்பருக்கு மழுங்கலாக இருக்கணும்." ஒரு காலத்தில் அது சரியான பேச்சுதான். அன்றைய கோல்கீப்பர் நின்றபடி ஆடினார். பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) வரும் திசைக்கு ஏற்ப, பாதத்தைத் தூக்காமல் பக்கவாட்டில் சரக் சரக்கென்று நகர வேண்டும். வரப்பு கூராக இருந்தால் ஐஸில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஏழு நூல், எட்டு நூல் என்று போட்டார்கள். சிலர் வரப்பின் கூர்மையையே கல்லால் கொஞ்சம் தட்டிவிடுவார்கள்.

1950களிலேயே கிளென் ஹால் என்ற கோல்கீப்பர் முழங்காலை ஐஸில் ஊன்றி, கீழ்க்கால்களை இருபுறமும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி விரித்துத் தடுத்துக் காட்டினார். பின்னால் 80களிலும் 90களிலும் இன்னொரு கோல்கீப்பர் பாட்ரிக் ருவா அதை ஊரறியச் செய்துவிட்டார். இன்று உங்கள் பையன் கற்பதும் அதுதான். மண்டியிட்ட நிலையில் அவன் இடமிருந்து வலம் போக வேண்டுமானால் என்ன செய்கிறான் என்று ஒரு முறை கூர்ந்து பாருங்கள். ஒரு முழங்காலைச் சற்றே தூக்கி, அந்தக் காலின் பிளேடை ஐஸில் பதித்து உந்துகிறான். அப்போது பிளேடு நேராக நிற்பதில்லை, படுத்த மாதிரி சாய்ந்திருக்கிறது. உள்பக்க வரப்பின் ஒரு துண்டு மட்டும்தான் ஐஸைத் தொடுகிறது. அந்த வரப்பு கூராக எழுந்து நிற்காவிட்டால் கால் பின்னால் வழுக்கிப் போகும்; உந்தல் காற்றில் போகும்; பக் வலைக்குள் போகும். அதனால்தான் இன்று நான்கு நூல், மூன்று நூல் கேட்கும் கோல்கீப்பர்கள் சாதாரணம்.

அதற்காக ஆழமாக வெட்டிக்கொண்டே போவதும் தப்பு. மண்டியிடாத நேரத்தில் அவனும் நின்றபடி நகரத்தான் வேண்டும். பள்ளம் மிதமிஞ்சினால் அந்த நகர்வு வெட்டி வெட்டி நிற்கும், முழங்காலிலும் இடுப்பிலும் இழுக்கும். உடல் கனமும் கணக்கில் வரும்: கனமானவர் தன் எடையாலேயே ஐஸில் பதிவார், ஒல்லிப் பையனுக்குப் பிடி குறையும். ஐஸ் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் ஆழம் தாங்கும், சொதசொதவென்று இருந்தால் மேலோட்டமே நல்லது. என் பழக்கம், ஐந்து நூலில் ஆரம்பித்து இரண்டு மூன்று பயிற்சி பார்த்துவிட்டு, ஒவ்வொரு நூலாக நகர்த்துவது. போட்டிக்கு முந்தின நாள் எண்ணை மாற்றாதீர்கள். கல்யாணத்தன்று புதுச் செருப்பு போட்ட கதைதான்.

எண்ணைவிட முக்கியமான ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. இரண்டு வரப்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? கல்லுக்கு நேர் நடுவில் பிளேடு நிற்காவிட்டால் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்துவிடும். உள்பக்கம் தாழ்ந்த ஸ்கேட்டில் எவ்வளவு ஆழ எண் போட்டாலும் உந்தும்போது வழுக்கும். அப்பா வந்து, "எண் சரியில்லை, இன்னும் ஆழமாகப் போடுங்கள்" என்பார். பிரச்சினை எண்ணில் இருக்காது. கடையிலேயே சோதித்துவிடலாம்: ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரு வரப்புக்கும் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வையுங்கள். கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். பிளேடுக்குச் செங்கோணமாக நாணயம் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல சாணைக்காரர் கோபப்பட மாட்டார், நான் பட்டதில்லை. (முதல் வருடம் பட்டிருக்கிறேன்.)

கூர் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கக் கூடாது, வெட்டிவிடும். நகத்தை வரப்பின்மேல் குறுக்கே மெல்ல இழுத்தால் மெலிதாக நகச்சீவல் வரும். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில், இரண்டு வரப்பிலும் பாருங்கள். வராத இடத்தில் கோல் கம்பத்தில் மோதிய சொட்டை இருக்கலாம்.

சாணை முடிந்ததும் வரப்பின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதோடு இறங்கினால் முதல் ஐந்து நிமிடம் கத்தி மாதிரி கூர், அப்புறம் பிசிறு மடங்கி எல்லாம் போச்சு. நைசான கல்லைப் பிளேடின் பக்கவாட்டில் சப்பையாக வைத்து இரண்டு இழுப்பு, பிறகு தோல் துண்டால் ஒரு துடைப்பு. அந்தக் கடையில் நான் வைத்திருந்த தோல் துண்டு ஆம்பூர்ச் சரக்கு, ஷூ கம்பெனிக் கழிவிலிருந்து ஊருக்கு வந்தபோது எடுத்துப்போனது. ஒன்பது வருடமும் அதுவேதான்.

இன்னொரு வளைவும் உண்டு, பிளேடின் நீளவாக்கில். மற்ற ஆட்டக்காரர்களுடையது பொதுவாக 9 முதல் 11 அடி ஆர வட்டத்தின் துண்டு. கோல்கீப்பருடையது 28, 30 அடி, அதாவது ஏறக்குறைய தட்டை. கை பழகாதவர் நுனியிலும் குதிகாலிலும் அழுத்தி நிறுத்தினால் இரண்டு முனையும் தேய்ந்து, பிளேடு ஊஞ்சல் பலகையாகிவிடும். நான்கைந்து சாணையில் நடக்கும் வேலை, பையன் மெல்ல மெல்ல ஆட்டத்தில் தடுமாறுவான், காரணமே தெரியாது. நல்ல கை ஒன்று கிடைத்தால் கடையை மாற்றாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடையுங்கள், துணி உறையில் போடுங்கள். கெட்டி பிளாஸ்டிக் உறை நடந்து போகத்தான். அதிலேயே போட்டு வைத்தால் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

பையனுடைய ஸ்கேட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ரகத்தில் பிளேடைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினேன். ஊருக்குப் போய்ப் புதுசு மாட்டி ஐந்து நூல் போட்டுக்கொண்டான். ஒரு வாரம் கழித்து, "மாமா, நாலரை நூல் கேட்கலாமா?" என்று செய்தி அனுப்பினான். தச்சர் கணக்கை அவனும் பிடித்துக்கொண்டுவிட்டான் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

பழைய பிளேடு இரண்டும் இங்கே என் அலமாரியில் கிடக்கின்றன. மாமா போன வாரம் போன் செய்து, "மாப்ளே, நல்ல எஃகுதானே? ஒன்றை மரக்கட்டையில் பதித்து அருவாமனை பண்ணிடலாமா, இலவம்பாடி கத்திரிக்காய் அரியறதுக்கு?" என்று கேட்டார். கத்தி மாதிரி ஏற்கெனவே பாதி தேய்த்தும் ஆயிற்று, மீதியையும் அவரே லாங் பஜாருக்குக் கொண்டுபோகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.