பொங்கல் பானையும் படப் புத்தகமும்: சின்னக் குழந்தைகளோடு செய்யும் தவறுகள்

தை முதல் நாள் பால் பொங்குகையில், "புத்தகத்துல வந்த பானை!" என்று மூன்று வயதுக் குழந்தை துள்ள வேண்டுமா? அப்படியானால் பொங்கல் கதை சொல்லும் படப் புத்தகம் இரண்டு வாரம் முன்னதாகவே வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். பல வீடுகளில் பண்டிகையன்றுதான் அதைக் கையில் கொடுக்கிறார்கள். அன்றைக்குப் புதுத்துணி, கரும்பு, விருந்தாளிகள் எல்லாம் இருக்க, புத்தகத்துக்கு ஏது நேரம்? மார்கழி பாதியிலேயே தொடங்கி, தினமும் பத்து நிமிடம் அதே புத்தகத்தை வாசியுங்கள். ஒரே கதையைக் குழந்தை இருபது முறை கேட்டாலும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு இன்னொரு சொல் பிடிபடுகிறது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு, ஒரு பக்கத்தில் ஒரு வரியும் கெட்டி அட்டையும் போதும். நான்கு, ஐந்து வயதுக்கு மூன்று நான்கு வரி இருக்கலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். கைபேசியில் காட்டினால் குழந்தையின் விரல் அடுத்த வீடியோவைத்தான் தேடும்.

தமிழில் வாசிக்கும்போது வரும் ஒரு சிக்கல் உண்டு. அச்சில் இருப்பது எழுத்துத் தமிழ், குழந்தை அறிந்தது வீட்டுப் பேச்சு. "பாட்டி பானையில் அரிசியை இட்டார்" என்று முதல் நாளே வாசித்தால் இரண்டரை வயதுக் குழந்தைக்கு அது பாதி புரியாத மொழி. முதல் சில நாள் படத்தைக் காட்டி, "பாட்டி பானையில அரிசி போடறாங்க" என்று உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடி வாசித்தால் எழுத்துத் தமிழ் தானாகக் காதில் ஏறும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் "பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகமே பிடிக்கலை" என்கிறோம்.

பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன? அது என்ன கலர்?" என்று தேர்வு வைப்பதும் வேண்டாம். "பால் ஏன் மேல வருது?", "பாட்டி இப்ப என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். குழந்தை "சூடு" என்றால், "ஆமா, அடுப்பு சூடு, அதான் பால் பொங்குது" என்று அந்த ஒரு சொல்லை நீட்டிக் கொடுங்கள். குழந்தையைப் பேசவைக்கும் இந்த வாசிப்பு முறையை அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். அதன் அடிப்படை இந்த நீட்டல்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புத்தகத்தைக் காட்டிச் சோறு ஊட்டுவது. குழந்தை படத்தில் லயித்து வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஒரு வாய் உள்ளே போகிறது. தட்டு காலியானதும் நமக்கு நிம்மதி. ஆனால் தான் என்ன தின்றோம், வயிறு எப்போது நிறைந்தது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. வாயில் சோறு இருக்கும்போது சிரித்தால் புரையேறும் ஆபத்தும் இருக்கிறது. நாளடைவில் புத்தகத்தைக் கண்டாலே, அடுத்து வாயில் திணிக்கப் போகிறார்கள் என்று குழந்தை தலையைத் திருப்பிக்கொள்ளும். சோறும் கதையும் ஒன்றாகவே கெட்டுவிடும். "நிலாச்சோறு ஊட்டினார்களே" என்று கேட்கலாம். நிலாச்சோற்றில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, கையில் உருண்டையை வாங்கித் தாங்களே தின்றார்கள். ஏமாற்றி வாயில் தள்ளுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புத்தகம் சமையலுக்கு முன்னும் சாப்பாட்டுக்குப் பின்னும் வரட்டும், இலை முன்னால் வேண்டாம். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பிரிவினை நம் கூட்டுக் குடும்பப் பந்திக்கும் நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்குங்கள், அதாவது மூன்று வயதுக்கு மூன்று மேசைக்கரண்டி. கேட்டால் இன்னும் வையுங்கள். பரங்கிக்காயைத் தொடவில்லையா? ஒரு துண்டு இலையில் கிடக்கட்டும். புதுக் காயை ஏற்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். "காயைச் சாப்பிட்டாத்தான் சர்க்கரைப் பொங்கல்" என்று பேரம் பேசினால் காய் தண்டனையாகவும் இனிப்பு பரிசாகவும் மாறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில், கொஞ்சமாக இலையில் வையுங்கள்.

சமையலறையில் குழந்தைக்குச் சும்மா வேடிக்கை பார்க்கும் வேலையைக் கொடுத்தால் அது தானே வேறு வேலை தேடிக்கொள்ளும். பொங்கல் குழம்புக்கு மொச்சையை இரவே ஊறவைத்து, காலையில் தோல் பிதுக்கக் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்தினால் பருப்பு துள்ளி விழும். மூன்று வயதுக் கைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் வேகாத மொச்சை வாய்க்குப் போகாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நான்கு வயதில் அரிசியை ஆழாக்கால் அளந்து போடலாம். இரண்டு வயதில் சர்க்கரைவள்ளியைத் தண்ணீரில் கழுவினால் போதும், பாதித் தண்ணீர் தரையில்தான் இருக்கும்.

"பொங்கலோ பொங்கல்" சொல்வதற்காகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்கிறார்களே, அதை அறவே தவிர்க்க வேண்டும். மூன்றடி தள்ளி நாற்காலியில், இன்னொருவர் பிடியில் குழந்தை இருக்கட்டும். பாலின் மேல் படியும் ஆடை ஆவியை அடைத்துவைப்பதால்தான் பால் திடீரென்று எழும்புகிறது. கேஸ் அடுப்பில் வழிந்தால் தீ அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். பானையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், பொங்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, அடுப்பின் திருகு குமிழில் ஒரு கை வைத்திருங்கள். மஞ்சள் கொத்தின் இலைகள் தீப்பக்கம் தொங்காதபடி மேல்நோக்கிக் கட்டுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக ஐந்தாறு கப். அரிசி விரலில் நசுங்கும்வரை வெல்லம் சேர்க்காதீர்கள். வெல்லம் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் அரை வேக்காட்டு அரிசி அதன்பின் குழையவே குழையாது, குழந்தையும் மெல்ல முடியாமல் துப்பிவிடும். ஒன்றரை கப் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, தீயைக் குறைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரியலாம்.

வெல்லம் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, அரை ஸ்பூன் நெய்விட்டு மசித்து வையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதுதான் பொங்கல். அந்த வயதில் சேர்த்த இனிப்பு வேண்டாம், வெல்லமும் சர்க்கரைதான். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. முழு முந்திரி ஐந்து வயதுவரை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது, பொடித்துத் தூவுங்கள். திராட்சையை நறுக்கிப் போடுங்கள். வெண்பொங்கலில் மிளகை நுணுக்குங்கள், முழு மிளகு ஒன்றைக் கடித்த குழந்தை அந்தக் கிண்ணத்தை மறுபடி தொடாது. கரும்புச் சக்கையும் தொண்டையில் சிக்கும். நான்கு வயதுக்குள் கரும்புத் துண்டு வேண்டாம், அதற்குப் பிறகும் உட்கார்ந்துதான் மெல்ல வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் நூலால் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். குழந்தை படம் வரையட்டும், அது சொல்வதை நீங்கள் எழுதுங்கள். இங்கேயும் ஒரு தவறு நேரும், குழந்தை சொன்னதைத் திருத்தி எழுதிவிடுவோம். "பாலு ஓடிப்போச்சு, பாட்டி புடிச்சாங்க" என்றால் அப்படியே எழுதுங்கள். அன்று ராத்திரி குழந்தை வாசிக்கச் சொல்லப்போவது அந்த வரியைத்தான்.