த்ரெட்-லோக்கல் மாறியில் உள்ள பிழைச் செய்தியைப் பிற மொழிக்குப் பத்திரமாகக் கொண்டு செல்லுதல்

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றுக்காக, தோலின் பரப்பைச் சதுர அடியில் கணக்கிடும் சி நூலகத்தைக் கோ மொழியிலிருந்து அழைக்க வேலூரில் நான் உறை நிரல் எழுதியபோது, ஒரு தோலுக்குரிய பிழைச் செய்தி வேறொரு தோலின் கணக்கில் வந்து நின்றது.

நூலகம் கடைசிப் பிழையைத் த்ரெட்-லோக்கல் மாறியில் வைத்திருந்ததும், அம்மாறிக்கு ஒவ்வொரு த்ரெட்டிலும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) தனிப்பிரதி உண்டு என்பதும், கணக்கிடுவது, பிழையைப் படிப்பது என்ற இரண்டு சி அழைப்புகளுக்கு இடையே கோரூட்டின் (கோ மொழியின் இலகுவான இணைப்பணி) வேறு த்ரெட்டுக்கு மாறிவிடக்கூடும் என்பதுமே அதற்குக் காரணம். இரு அழைப்புகளையும், கோரூட்டினை ஒரே த்ரெட்டில் பூட்டும் லாக்ஓஎஸ்த்ரெட், அதை விடுவிக்கும் அன்லாக்ஓஎஸ்த்ரெட் ஆகியவற்றுக்கு நடுவே வைத்தால் பிழை நீங்கும். ஆனால் யாராவது ஓரிடத்தில் மறந்தால் போதும், பழைய கதைதான். ஆகவே, கணக்கிட்டவுடன் பிழைச் செய்தியை அழைப்பவர் தந்த இடையகத்தில் (தரவை வைக்கும் நினைவக இடம்) நகலெடுத்து, பிழை எண்ணைத் திருப்பித் தரும் சிறு செயற்கூறு ஒன்றைச் சி மொழியிலேயே எழுதி, அதை மட்டும் கோ மொழியிலிருந்து அழைப்பதையே நான் விரும்புகிறேன். செய்தியின் சுட்டியை (நினைவக முகவரி) மட்டும் சேமித்து வைக்க வேண்டாம். த்ரெட் முடிந்ததும் அம்மாறியின் நினைவகமும் போய்விடும்.

பைத்தானில் எர்நோ (சி மொழி ஒவ்வொரு த்ரெட்டிலும் தனியாக வைக்கும் பிழை எண்) மதிப்பு தேவைப்பட்டால், சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியே நூலகத்தை ஏற்றும்போதே யூஸ்_எர்நோ என்பதை ட்ரூ என அமைத்து, அழைப்பை அடுத்து அதே த்ரெட்டில் கெட்_எர்நோ மூலம் படிக்க வேண்டும்.