டுரியான் கையோடு சுகர் பார்க்காதீர்கள்

போன டுரியான் சீசனில் ஒரு ராத்திரி, தம்பி பினாங்கின் பாலேக் புலாவிலிருந்து ஒரு கூடை பழம் கொண்டுவந்தான். அம்மாதான் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சுளை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் வீட்டு மெஷினில் அம்மாவுக்குச் சுகர் பார்த்தால் 15.3 (மில்லிமோல்/லிட்டர் கணக்கில்). "ஒரு சுளைகூட வாயில வைக்கலடி" என்றார். நான் நம்பவில்லை, பிள்ளைகள் முன்னால் திட்டிவிட்டேன். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து மறுபடி குத்தினோம்: 13.8. கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தோம்: 8.1. அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. திட்டியது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால் முதல் வேலை கை கழுவுவது. பழம் தொட்ட விரலுக்குப் பஞ்சு போதாது. நன்றாகக் காய்ந்த பிறகு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. இரத்தம் வரவில்லையா? கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். விரலைப் பிழிந்தால் சதை நீரும் கலந்து கணக்கு மாறும்.

இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு டப்பாவை மூடிவிடுங்கள். பினாங்குக் காற்றின் ஈரம் அதற்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்க வேண்டாம். காலாவதித் தேதி முக்கியம்.

மெஷினைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கப் போகும் நாளில் அதையும் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். நரம்பில் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலிலும் குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். லேப் முடிவு 5.6க்கு மேல் என்றால் மெஷின் எண் அதைவிட 15 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். அதற்குக் கீழே என்றால் 0.8 வரை. அம்மாவுக்கு லேப் 8.2, மெஷின் 8.9. சரியான மெஷின்தான். ஆக 7.4, 7.9 என்று ஏறி இறங்குவதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை, ஒரே ஒரு எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றவும் கூடாது.

இரத்தசோகை இருந்தால் மெஷின் கூட்டிக் காட்டலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாத சுகர் கணக்கான எச்பிஏ1சி-யும் தப்பாக வரலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: வியர்த்து, கை நடுங்கி, மெஷினும் 4க்குக் கீழே காட்டினால் கை கழுவிச் சரிபார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் சீனித் தண்ணீர் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.