தட்டான் பார்க்கப் பழகலாம்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். (அது வாலே இல்லை, வயிறு. பாவம்.) ஆனால் பிடித்தது எந்தத் தட்டான் என்று கேட்டால் "சிவப்புத் தட்டான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். நானும் அப்படித்தான். ஏரிக்கரைக்குப் போன முதல் நாள் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று நோட்டில் இரண்டு இனமாக எழுதிவைத்தேன். இரண்டும் ஒன்றே: ஸ்கார்லெட் ஸ்கிம்மர். ஆண் சிவப்பு, பெண் மஞ்சள். அதனால்தான் இங்கே அடையாளம் பார்ப்பதில் நிறம் கடைசி.

வலை வேண்டாம். போன் கேமரா, ஒரு நோட்டு போதும். வெயில் கொஞ்சம் ஏறியதும் கிளம்புங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் நெருங்குங்கள்.

படி 1: தட்டானா, ஊசித்தட்டானா?

உட்காரும்போது சிறகைப் பாருங்கள். விமானம் மாதிரி விரித்தே வைத்திருந்தால் தட்டான். முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொண்டால் ஊசித்தட்டான். அடுத்தது கண். ஊசித்தட்டானுக்குத் தலையின் இரு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும்; தட்டானுக்குப் பெரும்பாலும் உச்சியில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டுக்கும் விலக்கு உண்டு. லெஸ்டஸ் வகை ஊசித்தட்டான்கள் சிறகைப் பாதி விரித்தபடி உட்காரும். கிளப்டெயில் தட்டான்களுக்குக் கண்கள் ஒட்டாது. குழம்பினால் பின்சிறகைப் பாருங்கள்: அடிப்பகுதி முன்சிறகைவிட அகலமாக இருந்தால் தட்டான்தான்.

ராத்திரி டியூப்லைட்டுக்கு வரும் "ஊசித்தட்டான்" பல சமயம் வளர்ந்த குழியானை. நீளமாக, நுனி தடித்த உணர்கொம்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். தட்டான், ஊசித்தட்டான் இரண்டுக்குமே அது மயிர்போலச் சிறியது.

படி 2: எங்கே உட்கார்ந்திருக்கிறது?

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். சாக்கடை ஓரம் ஆரஞ்சு நிறத்தில், சிறகிலும் ஆரஞ்சு படர்ந்து இருந்தால் டிட்ச் ஜுவல் ஆண். நீரை விட்டுத் தள்ளி, வெறும் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் சின்னத் தட்டான் கிரவுண்ட் ஸ்கிம்மர்.

கிரானைட் கோஸ்ட் என்ற தட்டான் தனிக் கதை. எங்கள் தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் சுவரில் கை வைக்கப் போனேன். சுவரில் ஒரு துண்டு எழுந்து பறந்தது. இரண்டு அடி தள்ளி மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டது. சாம்பலில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி தெளித்த உடல். அசையாமல் இருந்தால், இருக்கும் இடம் தெரிந்தும் கண்ணுக்குச் சிக்காது. சிமென்ட் தொட்டித் தண்ணீரிலேயே முட்டையிட்டுப் பெருகும்.

உட்காரவே மாட்டேன் என்று மைதானத்துக்கு மேலே கூட்டமாகச் சுற்றினால் அது பேண்டலா. இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் இனம். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று பாட்டி காட்டியது அனேகமாக இதைத்தான் என்பது என் கணிப்பு.

படி 3: ஆணா, பெண்ணா?

பக்கவாட்டில் நின்று, வயிறு மார்போடு சேரும் இடத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். வயிறு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும்; அதில் இரண்டாவது வளையத்தில் சின்னப் புடைப்பு தெரிந்தால் ஆண்.

படி 4: இப்போது நிறம்

சிவப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். ரத்தச் சிவப்பு வயிற்றின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் ஸ்கார்லெட் ஸ்கிம்மர். ரோஸ் கலந்த சிவப்பும் சிவந்த சிறகு நரம்புகளுமாக இருந்தால் கிரிம்சன் மார்ஷ் கிளைடர். வயதும் நிறத்தை மாற்றும்: கிரவுண்ட் ஸ்கிம்மர் ஆண் இளசில் மஞ்சள் பச்சையில் கறுப்புக் குறியோடு இருக்கும், முதிர்ந்ததும் சாம்பல் பூசிய நீலமாகிவிடும்.

படி 5: படம்

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வயிற்று நுனி ஒன்று. மூன்றும் இருந்தால் ஐநேச்சுரலிஸ்டில் (உயிரினப் படங்களைப் போட்டால் மற்றவர்கள் பெயர் சொல்ல உதவும் இணையதளம், iNaturalist) போட்டுக் கேட்கலாம். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை மட்டும் வைத்துப் பல ஊசித்தட்டான்களைத் தெரிந்தவர்களாலும் சொல்ல முடியாது.

பெயர் கிடைக்காவிட்டால் "ஊசித்தட்டான், பெண், வாய்க்கால் புல்" என்று எழுதிவையுங்கள், போதும். அடுத்த முறை அதே புல்லுக்குப் போங்கள். ஆணும் அங்கேதான் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்திருக்கும்.