அப்டேட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நான் செய்யும் வேலைகள்

எங்கள் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் டெஸ்க்டாப், கணவருடைய லேப்டாப், அம்மாவின் பழைய லேப்டாப். மூன்றையும் அப்டேட் செய்து வைப்பது என் பொறுப்பு. ஆரம்பத்தில் இதற்கென்று ஒரு முறை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மூலையில் அறிவிப்பு வந்தால் அழுத்துவேன், வேலை இருந்தால் தள்ளிப்போடுவேன். அந்தப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவோடு போய்விட்டது.

அன்று அம்மாவின் லேப்டாப்பில் அப்டேட் ஓடி முடிந்து ரீஸ்டார்ட் ஆனது. வழக்கமாக வரும் படத்துக்குப் பதில் நீலத் திரை. டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர், திறப்பதற்கான ரெகவரி கீயைக் கேட்டு நின்றது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கங்கள். அப்படி ஒரு எண் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உள்ளே அப்பாவின் கடைசி வருடத்துப் படங்கள் இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை. அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் தம்பிக்கு நினைவு வந்தது: லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தவன் அவன், அதுவும் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து. அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்தான், எண் இருந்தது. அவன் போனில் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். படங்கள் பத்திரமாக இருந்தன.

அதனால் முதல் வேலையாக இதைச் சொல்கிறேன். விண்டோஸ் கணினி என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய், உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே ரெகவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அதே கணினியில் ஒரு ஃபைலாகச் சேமித்து வைப்பதில் பயனில்லை, பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்தது போல ஆகிவிடும். எல்லா அப்டேட்டுக்கும் இந்த எண்ணைக் கேட்காது. பயாஸ் மாதிரி அடிமட்ட மென்பொருள் மாறும்போதுதான் பெரும்பாலும் கேட்கும். கேட்கும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பேக்கப். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. புகார்கள் வந்ததும் மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டை நிறுத்தி வைத்துச் சரிசெய்தது. அபூர்வமான நிகழ்ச்சிதான், ஆனால் நகல் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் அன்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். நான் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்று ஃபோல்டர்களையும் நகலெடுப்பேன். டெஸ்க்டாப்பை மறந்துவிடாதீர்கள், நம்மில் பாதிப் பேர் முக்கியமான ஃபைல்களை அங்கேதான் போட்டு வைத்திருக்கிறோம். நகலெடுத்து முடித்ததும் டிஸ்க்கிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பார்ப்பேன். அப்புறம் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். சொருகியபடியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஏதாவது நுழையும்போது கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும்.

ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால் போதாதா என்று கணவர் கேட்பார். போதாது. அது விண்டோஸின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும், உங்கள் படங்களையும் கடிதங்களையும் மீட்டுத் தராது. ஆனாலும் ஒன்றை உருவாக்கி வைப்பது நல்லது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடுங்கள். பல கணினிகளில் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' அணைந்தே இருக்கும். சி டிரைவுக்கு அதை இயக்கிவிட்டு, தேதியைப் பெயராகக் கொடுத்து உருவாக்குங்கள்.

டிரைவில் இடம் வேண்டும். பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. இடம் குறைவாக இருந்தால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் 'டெம்பரரி ஃபைல்ஸ்'. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாமே போய்விடும், கவனம்.

லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகிவிட்டுத் தொடங்குங்கள். திரையில் 30 சதவீதம் என்று வந்து நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை பவர் பட்டனைத் தேடும். தொடாதீர்கள். கணினியின் ஓரத்தில் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு சின்ன விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள்: விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள அம்மாவின் லேப்டாப்புக்கு நான் மூன்று மணி நேரம் வரை விட்டுவிடுவேன். அதனாலேயே அவசர வேலை இருக்கும் நாளில் தொடங்குவதில்லை.

எப்போது செய்வது? விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளிவரும். நான் அந்த வாரச் சனிக்கிழமை காலை உட்காருவேன். நான்கு நாள் இடைவெளியில் பெரிய கோளாறு ஏதாவது இருந்தால் வெளியே தெரிந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு விஷயம். வானாகிரை ரான்சம்வேர் பரவத் தொடங்கியது 2017 மே 12 அன்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. 59 நாள் கையில் இருந்தும் போடாமல் விட்ட கணினிகள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்னொன்று, உங்கள் விண்டோஸுக்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அதற்கு மேலும் திருத்தம் வரும். விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது இருக்காது. ஆன்டிவைரஸ் நன்றாக இருக்கிறதே, பழைய விண்டோஸிலேயே இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது.

சரி, ஆன்டிவைரஸுக்கு வருவோம். இதில் காத்திருப்பதே கூடாது. புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் ஒரு நாளைக்குப் பல முறை வரும், தானாக இறங்கும்படி விட்டுவிடுங்கள். ஒரு கணினியில் ஒரே ஆன்டிவைரஸ்தான் காவலுக்கு இருக்க வேண்டும். இரண்டு போட்டால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கணினி நகராது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், வேறொன்றைப் போட்டால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். கணவருடைய லேப்டாப்பில் வாங்கும்போதே வந்த சோதனைப் பதிப்பு ஒன்று காலாவதியாகி, ஏழு மாதமாகப் பட்டியல் எதையும் இறக்காமல் இருந்தது. ஐகான் மட்டும் பச்சையாக மூலையில் நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் விழித்துக்கொண்டது. ஆகவே ஐகானை நம்பாமல் தேதியைப் பாருங்கள். டிஃபெண்டர் என்றால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' பகுதியில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று எழுதியிருக்கும். அது இன்றோ நேற்றோ இருக்க வேண்டும்.

அப்டேட்டுக்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வார்கள் சிலர். மாதாந்தரத் திருத்தங்களுக்கு அது தேவையே இல்லை. விண்டோஸ் 11க்கு மாறுவது போன்ற பெரிய மாற்றத்துக்கு மட்டும், முதலில் ஆன்டிவைரஸைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் மாற்றம் பாதியில் நின்று திரும்பி வந்தால், அதைத் தற்காலிகமாக நீக்கி, வேலை முடிந்ததும் அதன் நிறுவனத்தின் தளத்திலிருந்தே மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

போலி அப்டேட்டுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மா அதில் சிக்கப் பார்த்தார். சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி சத்தம் வந்தது. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று எழுதியிருந்தது. அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார், நல்லவேளையாக முதலில் என்னை அழைத்தார். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், முழுத்திரை விலகி பிரவுசரின் விளிம்பு தெரிந்தது. மூடினோம், அவ்வளவுதான். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பிரவுசரில் பார்க்கும் எந்தப் பக்கத்தாலும் உங்கள் கணினியில் எத்தனை வைரஸ் என்று எண்ண முடியாது. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தில் எதையும் அழுத்தாமல், நீங்களே செட்டிங்ஸைத் திறந்து 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', ஜெனரல், 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று போகலாம். பேக்கப்புக்கு அதிலேயே டைம் மெஷின் இருக்கிறது.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் இன்னொரு முறை 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும், சில சமயம் மூன்று சுற்று ஆகும். பிறகு ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பார்ப்பேன், ஒரு பாட்டைப் போட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்பேன், கேமராவைத் திறப்பேன், ஆன்டிவைரஸ் தேதியைப் பார்ப்பேன். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் 'அப்டேட் ஹிஸ்டரி'யில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. விண்டோஸ் 11க்கே மாறியவர்கள் 'ரெகவரி' பகுதியில் 'கோ பேக்' மூலம் பழையதற்குத் திரும்பலாம், அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். அந்தப் பத்து நாளும் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்று இருப்பதை, இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள்.