பார்க்க வருகிறவர்களையும் பறவைகளையும் சேர்த்துக் கவனிப்பது எப்படி: தேரூர் குளத்தில் தொடங்கலாம்

பறவைகளை எண்ணுவதற்கு நம் குமரி மாவட்டத்தில் ஆள் குறைவில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தால் தேரூர், சுசீந்திரம், மணக்குடி, புத்தளம் உப்பளம் என்று தொலைநோக்கியோடு ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. சுற்றுலா வருகிறவர்களிடம் தாளை நீட்டி "எப்படி இருந்தது?" என்று எழுதி வாங்குகிற கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வேலையையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் யாராவது செய்கிறார்களா என்று பார்த்தால் அது அபூர்வம். வந்தவர் மனதில் என்ன ஓடுகிறது, அதே நிமிடத்தில் அவருக்கு முன்னால் நிற்கிற பறவை என்ன செய்கிறது, இந்த இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஆன்டிலோப் தீவில் இப்படி ஒரு ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களைக் கண்டு காட்டெருமையும் மானும் எவ்வளவு தூரத்தில் விலகுகின்றன என்று அளந்தார்கள், வந்தவர்களிடமும் தனியாகக் கேட்டார்கள். சுமார் பாதிப் பேர், நாங்கள் வருவதால் விலங்குகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றார்கள். இவ்வளவு கிட்டே போகலாம் என்று அவர்கள் சொன்ன தூரமோ, விலங்குகள் உண்மையில் விலகத் தொடங்கிய தூரத்தைவிடக் குறைவு. நம் ஊரில் இதைச் செய்து பார்க்கப் பெரிய பணமெல்லாம் வேண்டாம், பொறுமையும் இரண்டு மூன்று ஆட்களும் போதும்.

முதலில் இடம். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆய்வு செய்வதாக இருந்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். முதல் முறை செய்கிறவர்கள் குளத்தில் தொடங்குவதுதான் நல்லது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தங்கிப்போகிற இடங்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட வன அலுவலகத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, குளத்தை அண்டிப் பிழைக்கிறவர்களிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் கரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால், எதற்கோ அளவெடுக்க வந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வருவது நியாயம்தான்.

அப்புறம் கேள்வி. "சுற்றுலாவால் பறவைகளுக்கு என்ன பாதிப்பு" என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேரமாட்டீர்கள். "கரையில் நடந்து வருகிறவர் எவ்வளவு நெருங்கினால் மடையான் (குளத்துக் கொக்கு) எழுந்து பறக்கிறது, அதை அவர் கவனிக்கிறாரா" என்று சுருக்குங்கள். ஒரு பறவை, ஒரு கரை, ஒரு கேள்வி. மடையானைச் சொல்வதற்குக் காரணம், அது எங்கும் இருக்கிறது, தனித்தனியாக நிற்கிறது, அதன் உடல் மொழி வெளிப்படையானது.

அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தாமரை இலைகளின் ஓரத்தில் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு பழுப்பாக, ஒரு மண்கட்டி மாதிரி நிற்கும். ஆள் வருவதைக் கண்டதும் பறக்காது. முதலில் கழுத்து மெல்ல நீளும், அதுவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த பார்வை கரைப்பக்கம் திரும்பும். இன்னும் நெருங்கினால் ஓரிரு அடி தள்ளி நிற்கும், உடம்பு லேசாக முன்னால் சாயும், பிறகுதான் வெள்ளைச் சிறகை விரித்து எழும்பும். கழுத்து நீண்ட தூரம், நகர்ந்த தூரம், பறந்த தூரம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பெரும்பாலானோர் கடைசி ஒன்றை மட்டும் எழுதுகிறார்கள். ஆனால் கழுத்து நீண்ட அந்த நொடியிலேயே அதன் இரை தேடல் நின்றுவிட்டது, அதுவும் பாதிப்புதான்.

தூரத்தை அளக்க நீங்கள் பறவையை நோக்கி நடக்க வேண்டாம். முந்தின நாளே யாரும் இல்லாத நேரத்தில் நாடா வைத்து மதகு, பனைமரம், மின்கம்பம் என்று கரையில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு இடையே அளந்து ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பறவை எந்த இரண்டு அடையாளங்களுக்கு நேராக நின்றது, ஆள் எந்த இடத்தில் இருந்தார் என்று குறித்தால் போதும், மீட்டர் கணக்கைப் பிறகு வீட்டில் போட்டுக்கொள்ளலாம். நீங்களும் அங்கே ஒரு மனிதர் என்பதை மறக்கக்கூடாது. போன உடனே எழுதத் தொடங்காமல், ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் இருந்து, பறவைகள் பழையபடி மேய ஆரம்பித்த பிறகு தாளை எடுங்கள். அடர்நிறச் சட்டை, பேச்சு இல்லை, போன் சத்தம் இல்லை.

தாளில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், வெயிலா மேகமா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு, வந்தவர்கள் எத்தனை பேர், நடந்தா பைக்கிலா, சத்தம் இருந்ததா, நின்றார்களா கடந்து போனார்களா, கேமரா உண்டா, நாய் கூட வந்ததா. போனில் பறவைக் குரலை ஒலிக்க விட்டு வரவழைக்கிற படப்பிடிப்பாளர்களும் இருக்கிறார்கள், அதையும் கட்டாயம் எழுதுங்கள். இன்னொன்று, இது மிக முக்கியம்: தாமரை பறிக்கிறவர், வலை போடுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், காலை நடைக்கு வருகிறவர், இவர்களையும் அதே தாளில் வேறு பத்தியில் பதிய வேண்டும். இவர்களை விட்டுவிட்டால் அவர்களால் பறந்த பறவையும் சுற்றுலாக்காரர் கணக்கில் விழும். நேர்மாறாகவும் நடக்கும், தினமும் பார்த்துப் பழகிய ஆள் பக்கத்தில் போனாலும் பல பறவைகள் அசையாது, புதிதாக வந்தவர் காரிலிருந்து இறங்கி நேராக அதையே பார்த்து நடந்தால் எழுந்துவிடும். இந்த வித்தியாசத்தை எண்ணிக்கையோடு காட்ட முடிந்தால், "கிராமத்து ஆட்களைக் குளத்தை விட்டு விலக்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பேசுகிறவர்களுக்கு அதுவே பதில். பறக்காமல் நிற்பது மட்டும் நிம்மதிக்கு அடையாளம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். போக வேறு நல்ல இடம் இல்லாததாலும் நிற்கலாம், அதனால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இரை கொத்துகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

இனி மனிதர்கள். பறவையைப் பார்க்கிறவர் ஒருவர், வந்தவரிடம் பேசுகிறவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இருவரின் கடிகாரமும் ஒன்றாக இருக்கட்டும். பேசுகிறவர் கரையின் முடிவில், அவர்கள் வண்டிக்குத் திரும்புகிற இடத்தில் நிற்க வேண்டும். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா, கல்லூரி ஆய்வுக்காக" என்று விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பெயர், போன் எண் எதுவும் கேட்க வேண்டாம், பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் நிறைய என்பதால் மலையாளத்திலும் கேள்வித்தாள் தயாராக இருக்கட்டும்.

"பறவைகளைத் தொந்தரவு செய்தீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். முதலில் "இன்றைக்குப் பார்த்ததில் எது மனசில் நிற்கிறது?" என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு "பறவை ஏதாவது பறந்து போனதா? ஏன் போயிருக்கும்?" அதன் பிறகுதான் தூரம். மீட்டரில் கேட்காமல் "அந்த மின்கம்பத்துக்கு நேரே ஒரு கொக்கு நின்றால் எதுவரை போகலாம், கை காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் காட்டிய இடமும், அரை மணி நேரத்துக்கு முன் அவரைக் கண்டு பறவை உண்மையில் எழுந்த இடமும் ஒரே படத்தில் அருகருகே வரும்போதுதான் இந்த உழைப்புக்கு அர்த்தம் வருகிறது. அவருடைய சந்தோஷத்தையும் மதிப்போடு எழுதுங்கள். நாரைக் கூட்டத்தை முதல்முறை பார்த்த குழந்தை என்ன சொன்னது என்பதும் தரவுதான், குளத்தைக் காப்பாற்றக் கூட நிற்கப்போகிறவர்கள் அவர்களிலிருந்துதான் வர வேண்டும்.

காலம் பார்த்துத் திட்டமிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கும் சுசீந்திரத்துக்கும் திரளாக வருகிறார்கள், வலசைப் பறவைகள் இருப்பதும் அதே மாதங்களில்தான். அதனால் கூட்டமான மாதத்தையும் கூட்டமில்லாத மாதத்தையும் ஒப்பிட்டால் பறவையே மாறிப்போயிருக்கும். ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும், அதே மணி நேரத்தில் ஒப்பிடுங்கள். அறுவடைக்குப் பின் தண்ணீர் வடிந்தால் பறவைகள் நடுக்குளத்துக்குப் போய்விடும், அதையும் ஆள் நடமாட்டத்தின் கணக்கில் சேர்த்துவிடக்கூடாது.

மருத்துவாழ்மலையில் குரங்குகளை வைத்துச் செய்ய விரும்புகிறவர்களுக்கு முறை கொஞ்சம் மாறும். அங்கே விலகும் தூரம் பயன்படாது, குரங்கு நம்மை நோக்கித்தான் வரும். பை, பிளாஸ்டிக் கவர், கையில் தின்பண்டம் இவற்றில் எது இருந்தபோது எத்தனை முறை நெருங்கியது, யார் முதலில் நீட்டினார், பல் காட்டியதா என்று எழுதுங்கள்.

தாழைக்கோழியோ இலைக்கோழியோ கூடு வைத்திருக்கிற பக்கம் தெரிந்தால் அந்த இடத்தில் அளக்கவே வேண்டாம், கூட்டின் இடத்தை எங்கும் எழுதவும் வேண்டாம். வரைபடத்தோடு வெளியிட்டால் அடுத்த வாரமே கேமராக்கள் வந்துவிடும்.

கணக்குப் போடும்போது ஒரே மடையானைக் காலை முழுக்கப் பார்த்துவிட்டு அதைப் பல பறவைகளாக எண்ணாதீர்கள். ஒருவர் கரையில் ஒருமுறை நடந்து போனது ஒரு பதிவு. சராசரியைவிட நடு எண், அதாவது எல்லாத் தூரங்களையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது, நம்பகமானது, ஏனென்றால் வெகு தூரத்திலேயே மிரண்டு பறக்கிற ஓரிரண்டு பறவைகள் சராசரியை இழுத்துவிடும். முடிவைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள், படத்தோடு எழுதி வன அலுவலகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் கொடுங்கள். அதோடு உங்கள் யோசனையும் குறிப்பாக இருக்கட்டும்: மறைவாக நின்று பார்க்க எந்த மரத்தடி வசதி, வண்டியை எந்த இடத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும், அறிவிப்புப் பலகை வைத்தால் எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில். எழுதிய தாள்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அதே வாரத்தில் வேறு ஒரு குழு அதே மதகிலிருந்து தொடங்குவதற்கு அவை வேண்டும்.